சேவையும் சந்தையும்: பெருநகரிலிருந்து சிறுநகருக்குப் பெயரும் அமெரிக்கத் தாதியர் பற்றிய சில குறிப்புகள்

நகரத்தைக் கேட்டின் இருப்பிடமாகவும் நாட்டுப்புறத்தை அமைதியின் உறைவிடமாகவும் காணும் நோக்கு இலக்கிய மாணவருக்குப் புதியதன்று. 1973இல் வெளிவந்த 'நாட்டுப்புறமும் நகரமும்' என்னும் நூலில் றேமண்ட் வில்லியம்ஸ், ஆங்கில இலக்கியத்தில் இந்நோக்குத் தலைமுறைதோறும் புதுப்பிக்கப்பட்டு வந்தமையையும், நாட்டுப்புற அமைதியின் சித்திரத்திலே அங்கு உழைப்பவர் கண்ணுக்குத் தெரியாது போவதையும் விரிவாக எடுத்துக்காட்டினார். இஃது இலக்கியத்துள் மட்டும் அடங்கிய கருத்துநிலையன்று. தொழிலாளரின் வாழ்க்கைத் தீர்மானங்களிலும் அது தொழிற்படுகின்றது. அத்தகைய தீர்மானம் ஒன்றையே இக்கட்டுரை ஆராய்கின்றது.

சிக்காகோ போன்ற பெருநகர் ஒன்றின் வைத்தியசாலையிற் பல்லாண்டு பணிபுரிந்த தாதி ஒருவர், வாடகையும் நெருக்கடியும் தாளாது, ஐயோவா அல்லது நெப்ராஸ்கா மாநிலத்துச் சிறுநகர் ஒன்றிற்குப் பெயர எண்ணுகின்றார் என்று கொள்வோம். அவர் போடும் கணக்கு எளியது: சம்பளம் சிறிது குறையும், செலவு அதனினும் குறையும், எஞ்சுவது அமைதி. இக்கணக்குப் பிழையென்று நாம் கூறவில்லை. ஆனால் அது முழுமையானதன்று. அவர் இடத்தை மட்டும் மாற்றவில்லை. தமது உழைப்புச் சக்தியை விற்கும் சந்தையின் தன்மையையே மாற்றிக்கொள்கின்றார். பல கொள்வோர் உள்ள சந்தையை விட்டு, ஒரே கொள்வோன் உள்ள சந்தைக்குச் செல்கின்றார். இவ்வேறுபாட்டின் விளைவுகளை விளங்கிக்கொள்வதே நமது நோக்கம்.

1. சிறுநகர் வைத்தியசாலையின் தோற்றம்

அமெரிக்க நாட்டுப்புறங்களுக்குத் தாதியர் சென்ற வரலாறு பெரும்பாலும் சேவையின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. 1925இல் மேரி பிறெக்கின்றிட்ஜ் கென்டக்கி மலைப்பகுதியில் ஓர் அமைப்பைத் தொடக்கினார். 'எல்லைப்புறத் தாதியர் சேவை' எனப் பின்னர் பெயர்பெற்ற அவ்வமைப்பின் தாதியர், குதிரையேறி வீடுவீடாகச் சென்று பிரசவம் பார்த்தனர். அவர்தம் பணியின் பெறுமதியை எவரும் மறுக்கவியலாது. எனினும் அப்பணியைச் சூழ எழுந்த தியாகப் படிமம், தாதியைத் தொழிலாளியாகக் காணாது அருளாளராகக் காணும் வழக்கத்தை வலுப்படுத்தியது. சம்பளம் பற்றிப் பேசுவது அப்படிமத்திற்கு இழுக்காயிற்று.

இரண்டாம் உலகப் போரின் பின்னர் நிலைமை மாறியது. 1946ஆம் ஆண்டின் ஹில்-பேர்ட்டன் சட்டம், 1,000 பேருக்கு 4.5 கட்டில்கள் என்பதை இலக்காகக் கொண்டு, வைத்தியசாலைகளைக் கட்டுவதற்குக் கூட்டாட்சி அரசின் நிதியை வழங்கியது. சிறுநகர்கள் பல அதனாற் சொந்த வைத்தியசாலையைப் பெற்றன. ஆயின் 1983இல், முதியோருக்கான அரச மருத்துவக் காப்புறுதி, உண்மைச் செலவுக்கேற்பக் கொடுப்பதை விட்டு, நோய் வகைக்கு இவ்வளவென்று முன்னரே வகுத்த தொகையைக் கொடுக்கத் தொடங்கியது. நோயாளர் தொகை குறைந்த சிறு வைத்தியசாலைகள் பல அதனைத் தாங்கமாட்டாது மூடப்பட்டன.

இச்சரிவைத் தடுக்க 1997இல் ஒரு சட்டம் வந்தது. 25க்கு மேற்படாத கட்டில்களையுடைய, கொள்கையளவில் மற்றொரு வைத்தியசாலையிலிருந்து 35 மைல் தொலைவிலுள்ள நிலையங்களுக்கு மீண்டும் செலவின் அடிப்படையிற் பணம் வழங்க அது வழிசெய்தது. இன்று 1,300க்கு மேற்பட்ட வைத்தியசாலைகள் இவ்வகையின. அவ்வாறிருந்தும் 2010இன் பின்னர் நூற்றுக்கு மேற்பட்ட நாட்டுப்புற வைத்தியசாலைகள் மூடப்பட்டுள்ளன. மூடப்படாத பலவற்றிற் பிரசவ விடுதிகள் மூடப்பட்டுள்ளன.

இச்சட்டத்தின் 35 மைல் நிபந்தனை ஊன்றி நோக்கத்தக்கது. அயலில் வேறு வைத்தியசாலை இல்லை என்பதே இந்நிலையத்துக்குப் பாதுகாப்பு வழங்குவதற்கான நியாயம். நோயாளியின் நோக்கில் இது மிகச் சரியான நியாயம். ஆனால் அதே வாக்கியத்தைத் தாதியின் நோக்கில் வாசித்தால், அயலில் அவரது உழைப்பைக் கொள்வதற்கு வேறு வைத்தியசாலை இல்லை என்று பொருள்படும். நோயாளிக்குக் காப்பாக அமைந்த தூரம் தொழிலாளிக்கு வேலியாக அமைகின்றது. சிறுநகர்த் தாதியின் நிலையிலுள்ள அடிப்படை முரண்பாடு இதுவே.

2. ஒரே கொள்வோன்

முதலாளித்துவச் சமூகத்தின் தொழிலாளி இருபொருளிற் சுதந்திரமானவர் என்று மார்க்ஸ் 1867இல் வெளியிட்ட 'மூலதனம்' முதலாம் தொகுதியில் விளக்கினார். தமது உழைப்புச் சக்தியைத் தாம் விரும்பியவருக்கு விற்கும் சுதந்திரம் ஒன்று. விற்பதற்கு வேறெதுவும் இல்லாத 'சுதந்திரம்' மற்றொன்று. சிறுநகரிலே இரண்டாவது அப்படியே இருக்க, முதலாவது பெயரளவில் எஞ்சுகின்றது.

முதலாளித்துவப் பொருளியலாளரும் இதனை அறியாதவரல்லர். ஜோன் றொபின்சன் 1933இல் எழுதிய 'நிறைவில் போட்டியின் பொருளியல்' என்னும் நூலில், விற்பவர் பலராயிருக்கக் கொள்பவர் ஒருவரேயாகும் நிலைக்குத் தனிப்பெயரிட்டு ஆராய்ந்தார். அந்நிலையில், போட்டியுள்ள சந்தையிற் கொடுக்க நேர்ந்திருக்கக்கூடிய கூலியிலும் குறைந்த கூலியைக் கொடுத்துக்கொண்டே முதலாளி நிலைத்திருக்கலாம். தொழிலாளி வெளியேறுவதற்கு இடமில்லை என்பதே அதன் காரணம்.

தாதியர் விடயத்தில் இது வெறும் ஊகமன்று. முன்னாட் படைவீரருக்கான அரச வைத்தியசாலைகளில், நாடு முழுவதற்கும் வகுக்கப்பட்டிருந்த தாதியர் சம்பளத் திட்டம் 1991இற் கைவிடப்பட்டு, அவ்வவ்விடத்துச் சந்தை நிலவரத்துக்கேற்பச் சம்பளம் வகுக்கப்பட்டது. இம்மாற்றத்தைப் பயன்படுத்தி மூன்று பொருளியலாளர் செய்த ஆய்வு 2010இல் வெளியாயிற்று. ஒரு வைத்தியசாலை சம்பளத்தைப் பத்து வீதம் கூட்டினாலும், குறுகிய காலத்தில் ஏறத்தாழ ஒரு வீதத் தாதியரே மேலதிகமாகக் கிடைப்பர் என்று அவர்கள் கணித்தனர். சம்பளத்துக்காகத் தாதியர் எளிதில் இடம் மாறுவதில்லை என்பது இதன் பொருள். ஆகவே சம்பளத்தை அழுத்திவைக்கும் வைத்தியசாலையும் உடனடியாகத் தாதியரை இழந்துவிடுவதில்லை. மாற்று வைத்தியசாலைகள் உள்ள இடங்களையும் உள்ளடக்கிய முடிவு இது. மாற்றே இல்லாத சிறுநகரின் நிலையைச் சொல்லவேண்டியதில்லை.

ஒரு மாநிலத்திற் பெற்ற அனுமதிப்பத்திரத்தைக் கொண்டு வேறு மாநிலங்களிலும் பணிபுரிவதற்கான மாநிலங்களுக்கிடையிலான உடன்படிக்கை 2000ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ளது. சட்டம் எல்லைகளைத் திறந்துவிட்டது உண்மையே. ஆயினும் துணைவரின் தொழில், பிள்ளைகளின் பாடசாலை, முதிய பெற்றோர் ஆகியன சட்டத்தால் நகர்த்தக்கூடியவையல்ல. தாதியரிற் பெரும்பாலானோர் பெண்கள் என்பதும், குடும்பப் பராமரிப்பின் சுமை அவர்கள்மீதே விழுகின்றது என்பதும் ஈண்டு மனங்கொளத்தக்கன.

3. மலிவான வாழ்க்கை யாருக்கு?

சிறுநகரில் வாடகை குறைவு. ஆகவே சம்பளம் குறைந்தாலும் நட்டமில்லை என்பது பொதுவான வாதம். 1872இல் 'குடியிருப்புப் பிரச்சினை' பற்றி எழுதிய கட்டுரைகளில் ஏங்கல்ஸ் இவ்வாதத்துக்கு ஏற்கெனவே விடை கூறியுள்ளார். தொழிலாளரின் வாழ்க்கைச் செலவு ஓரிடத்திற் பொதுவாகக் குறையுமாயின், காலப்போக்கிற் கூலியும் அதற்கேற்பக் குறையும். மலிவின் பயன் தொழிலாளியிடம் தங்காது கொள்பவனிடம் சேரும். அங்கு கொள்பவன் ஒருவனேயாயின் அது மேலும் விரைவாக நிகழும்.

ஏங்கல்ஸ் கூறிய மற்றொன்றும் இங்குப் பொருந்தும். சொந்த வீடு தொழிலாளியை ஓரிடத்திற் பிணித்து, முதலாளியோடு பேரம்பேசும் வலுவைக் குறைத்துவிடும் என்றார் அவர். பெருநகரில் வாடகை வீட்டிலிருந்த தாதி, சிறுநகரிற் கடன்பட்டு வீடு வாங்குகின்றார். பெருநகரில் அவர் ஒரு வைத்தியசாலையோடு முரண்பட்டால், அதே வீட்டிலிருந்தபடியே வேறொன்றிற் சேரலாம். சிறுநகரில் வேலையை விடுவதென்பது வீட்டை விற்பதும் ஊரை விடுவதுமாகும். தம் வாழ்வின் பெருஞ் சாதனையாக அவர் கருதும் வீடே அவரது வாயை அடைத்துவிடுகின்றது.

4. பணியின் இயல்பு

இனி, வேலைத்தலத்தை நோக்குவோம். பெருநகரத் தாதி தீவிர சிகிச்சை, சத்திர சிகிச்சை, சிறுபிள்ளை மருத்துவம் என ஒரு துறையில் ஆழ்ந்தவர். 25 கட்டில் வைத்தியசாலையில் அவரே ஓரிரவில் விபத்துப் பிரிவிலும், விடுதியிலும், சிலவேளை பிரசவ அறையிலும் நிற்கவேண்டும். வைத்தியர் வீட்டிலிருந்து வரும்வரை முதல் முடிவுகள் அவருடையவை. நோயாளியைப் பெரிய வைத்தியசாலைக்கு அனுப்ப நேரும்போது, ஹெலிகொப்டரோ வாகனமோ வரும்வரை உயிரைப் பிடித்துவைத்திருப்பவரும் அவரே.

நவீன முதலாளித்துவத்தில் உழைப்பு துண்டாடப்பட்டுத் திறன் பறிக்கப்படுகின்றது என்று 1974இல் ஹரி பிறேவர்மன் நிறுவினார். சிறுநகர்த் தாதியின் பணி இதற்கு மாறாக விரிவடைகின்றது. பெருநகரை விட்டு வந்த பலர் இங்குதான் முழுமையான தாதியானோம் என்று உணர்வதில் உண்மையுண்டு. இதனை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. ஆனால் விரிந்த திறனுக்கு விரிந்த விலை கிடைப்பதில்லை. அத்திறனை மதிப்பிட்டு வாங்க வேறொருவர் அங்கில்லை.

அதுமட்டுமன்று. சிறு வைத்தியசாலையில் நோயாளர் தொகை நாளுக்கு நாள் பெரிதும் ஏறியிறங்கும். குறைந்த நாளிலே தாதியை வேலைநேரத்தின் நடுவிற் சம்பளமின்றி வீட்டுக்கு அனுப்புவதும், அழைத்தால் வரவேண்டும் என்று மணிக்குச் சில டொலர் கொடுத்துக் காத்திருக்க வைப்பதும் அமெரிக்காவிற் பரவலாக உள்ள வழக்கங்கள். வியாபாரத்தின் நிச்சயமின்மை முதலாளியின் கணக்கிலிருந்து தொழிலாளியின் கணக்குக்கு இவ்வாறு மாற்றப்படுகின்றது.

உறவும் இங்கே உழைப்பாகின்றது. கட்டிலிற் கிடப்பவர் பிள்ளையின் ஆசிரியராகவோ அடுத்த வீட்டுக்காரராகவோ இருப்பார். மேலதிக நேரம் நிற்க மறுப்பது நிருவாகத்துக்கு மறுப்பதாகவன்றி அயலவருக்கு மறுப்பதாகவே தோன்றும். சிங்ளயர் லூயிஸ் 1920இல் வெளியிட்ட 'பிரதான வீதி' நாவலில், நகரிலிருந்து சிறுநகருக்கு ஒரு வைத்தியரின் மனைவியாக வந்த பெண், ஊராரின் பார்வையின்கீழ் மூச்சுத்திணறுவதைக் காண்கிறோம். ஆனால் அவள் தன் கூலிக்காக அவ்வூரைச் சார்ந்திருக்கவில்லை. தாதியோ அப்பார்வைக்கும் அச்சம்பளத்துக்கும் ஒருங்கே கட்டுப்பட்டவர்.

5. முற்பணம்

தாதியரை ஈர்ப்பதற்குப் பல வைத்தியசாலைகள் சேரும்போதே ஒரு தொகையை வழங்குகின்றன. குறித்த ஆண்டுகள் பணிபுரியாது விலகினால் அதனைத் திருப்பிச் செலுத்தவேண்டும் என்பது ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கும். ஈழத்து வாசகருக்கு இது மலையகத்தின் 'துண்டு' முறையை நினைவூட்டாமற் போகாது. முற்பணக் கடனைத் தீர்த்தாலன்றித் தொழிலாளி வேறு தோட்டத்திற் சேரமுடியாதவாறு பிணித்த அந்தச் சீட்டு 1921இல் ஒழிக்கப்பட்டது. இரண்டும் ஒன்றென்று நாம் கூறவில்லை. அனுமதிப்பத்திரமும் சேமிப்பும் உள்ள அமெரிக்கத் தாதியின் நிலை, பட்டினிக்கு அஞ்சிக் கடல்கடந்த தோட்டத் தொழிலாளியின் நிலையன்று. ஆனால் முற்பணத்தைக் கொடுத்து அசைவை வாங்குவது என்ற பொறிமுறை இரண்டிற்கும் பொதுவானது.

6. தனிமனிதத் தெரிவும் கூட்டுப்பலமும்

சிறுநகர் வைத்தியசாலையின் நிருவாகத்தைக் கொடியவராகச் சித்திரித்து அமைதிகொள்வது மார்க்சிய ஆய்வாகாது. அவ்வைத்தியசாலையும் காப்புறுதிக் கம்பனிகளாலும் அரசின் கொடுப்பனவுகளாலும் நெரிக்கப்படுகின்றது. "சம்பளத்தைக் கூட்டினால் மூடவேண்டிவரும்" என்ற கூற்று எப்பொழுதும் பொய்யன்று. அதனாலேயே அது வலிமையான ஆயுதமாகின்றது.

ஆகவே விடிவு தனித்தனி வைத்தியசாலையிலன்றி, அவற்றைக் கடந்த கூட்டுப்பலத்திலேயே உள்ளது. 1947ஆம் ஆண்டின் தொழிற்சட்டம், இலாபநோக்கற்ற வைத்தியசாலைகளின் ஊழியரைக் கூட்டுப்பேரப் பாதுகாப்பிலிருந்து விலக்கியது. 1974இலேயே அப்பாதுகாப்பு, வேலைநிறுத்தத்துக்குப் பத்து நாள் முன்னறிவித்தல் வேண்டும் என்ற நிபந்தனையுடன், அவர்களுக்குக் கிடைத்தது. இதன் பயன் கண்கூடு. வைத்தியசாலைகள் ஒன்றிணைக்கப்பட்டு ஓரிடத்திற் கொள்வோர் தொகை பெரிதும் குறைந்தபோது, தாதியரின் சம்பள வளர்ச்சி மந்தமடைந்தது என்று 2021இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. தொழிற்சங்கம் வலுவாயிருந்த இடங்களில் அம்மந்தம் குறைந்திருந்தது என்பதும் அவ்வாய்வின் முடிபு.

நமது நாட்டு அரச சேவையில், ஒரே தரத்துத் தாதிக்குக் கொழும்பிலும் முல்லைத்தீவிலும் அடிப்படைச் சம்பளம் ஒன்றே. இடமாற்றம் பற்றியும் சம்பளத்தின் போதாமை பற்றியும் குறைகள் பலவுண்டு. எனினும் இங்கும் கொள்வோர் பெரும்பாலும் ஒருவரே. ஆயின் அவர் ஊருக்கொரு விலை பேசமுடியாது. இவ்வொரு வேறுபாட்டின் பெறுமதியை நாம் எளிதிற் காண்பதில்லை. அமெரிக்காவில் 1991இற் கைவிடப்பட்டதும் இதுவே என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். 'உள்ளூர்ச் சந்தைக்கேற்ற சம்பளம்' என்ற சொற்றொடர் சீர்திருத்தத்தின் பெயரில் எப்பொழுதாவது இங்கு வந்து சேருமாயின், அதன் பொருளை நாம் முன்னரே அறிந்திருத்தல் நன்று.

பெருநகரை விட்டுப் பெயர எண்ணும் தாதியைத் தடுப்பது நமது நோக்கமன்று. நாட்டுப்புற நோயாளருக்கு அவர் வேண்டியவர். அமைதியை விரும்பும் உரிமையும் அவருக்கு உண்டு. ஆனால் அங்கு வாடகை எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னர் அவர் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு: இவ்வேலையை விட்டால் இவ்வூரிலேயே இருந்துகொண்டு வேறெங்கே போகலாம்? எங்குமில்லை என்பது விடையாயின், தொழிற்சங்கம் அவருக்கு ஒரு கொள்கையாக மட்டும் இராது; அந்த ஊரில் அவர் நிலைத்து வாழ்வதற்கான நிபந்தனையும் ஆகும்.