அந்த போல்ட் ஏன் மறுபடியும் உடைகிறது?

லாரியிலிருந்து கழற்றி நிறுத்தப்பட்ட கொள்கலன் டிரெய்லரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதன் பின்பக்கத்தைச் சக்கரங்கள் தாங்கும். முன்பக்கத்தைத் தாங்குபவை இரண்டு இரும்புக் கால்கள்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் இதே அமைப்பில் வீடுகளே சாலையில் ஓடுகின்றன. சமையலறையும் படுக்கையறையும் கொண்ட இந்த இழுவை வீட்டுக்கு ‘ஃபிஃப்த் வீல் கேம்பர்’ என்று பெயர். ‘ஐந்தாம் சக்கரம்’ என்பது குதிரை வண்டிக் காலத்துச் சொல். வண்டியின் முன்னச்சு எளிதாகத் திரும்புவதற்காக, அதன்மேல் படுக்கைவாட்டில் ஒரு சக்கரத்தைப் பொருத்தினார்கள். இன்று அந்த வேலையை பிக்கப் வாகனத்தின் பின்தளத்தில் உள்ள இணைப்புத் தட்டு செய்கிறது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

இந்த வீடுகளின் முன்கால்கள் சிலருக்குத் தீராத தலைவலி. பழுது பார்த்த சில வாரங்களிலேயே அதே இடம் மீண்டும் உடையும். ஏன்?

முதலில் கால் இயங்கும் விதத்தைப் பார்ப்போம். ஒவ்வொரு காலுக்குள்ளும் ஒரு நீண்ட திருகு உண்டு. அது சுழலும்போது உட்குழாய் இறங்கும் அல்லது ஏறும். பல கேம்பர்களில் ஒரு காலை 12 வோல்ட் மோட்டார் இயக்குகிறது. குறுக்குத் தண்டு ஒன்று அதே சுழற்சியை மறுகாலுக்குக் கொண்டு செல்கிறது. தண்டை இணைப்பது விரல் அளவுகூட இல்லாத ஒரு போல்ட் அல்லது ஊசி.

வீட்டில் ஒரு போல்ட்டையும் நட்டையும் எடுத்துப் பாருங்கள். நட்டை நேராக எவ்வளவு அழுத்தினாலும் அது சுழன்று இறங்காது. மரைகளுக்கு இடையிலான உராய்வே காரணம். மோட்டார் நின்ற பிறகும் கால் சுமையைத் தாங்கி நிற்பது இதனால்தான்.

இனி கணக்குக்கு வருவோம். கேம்பரின் எடை 6,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 1,200 கிலோ, முன்பக்கம் விழும். இரு கால்களும் பகிர்ந்தால் தலா 600 கிலோ. ஒரு கால் முன்னதாகத் தரையைத் தொட்டுவிட்டால், அந்த ஒன்றே பெரும்பகுதியைச் சுமக்க வேண்டும். மேலே ஏறும்போதும் இதே சிக்கல்தான். ஒரு கால் முழுவதும் ஏறி முட்டிக்கொள்ள, மற்றது இன்னும் ஏறிக்கொண்டிருக்கும். மோட்டார் விடாமல் சுழற்றும்; தண்டு முறுக்கப்படும்; போல்ட் அறுபடும்.

அது அறுபடத்தான் வேண்டும். விலை உயர்ந்த பற்சக்கரங்களைக் காப்பதற்காகவே பல கால்களில் வலுக்குறைந்த போல்ட்டை வைத்திருக்கிறார்கள். மின்சுற்றில் ஃபியூஸ் செய்வதும் இதே வேலைதான். சுழல முடியாமல் மோட்டார் திணறும்போது அதில் பாயும் மின்னோட்டம் மிகவும் உயரும், ஃபியூஸ் உருகும். கோபத்தில் கடினமான போல்ட்டையோ பெரிய ஃபியூஸையோ மாட்டினால், அடுத்த முறை பல் உடையும் அல்லது கம்பி கருகும்.

சரியான தீர்வு வேறு. கேம்பரை வாகனத்துடன் இணைத்து, சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்து, கால்களில் சுமை இல்லாதபடி செய்ய வேண்டும். பிறகு தண்டைக் கழற்றி, இரு கால்களையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்து, மீண்டும் இணைக்க வேண்டும். உலர்ந்த திருகுக்கு கிரீஸ் இட வேண்டும். கால் வளைந்திருந்தால் அதை மாற்றத்தான் வேண்டும். தரையை விட்டு நன்றாக உயர்வதற்குள் வண்டியை இழுத்தால் கால் வளைந்துவிடும்.

தரையும் கவனிக்கத்தக்கது. காலடித் தட்டு 25 செ.மீ. சதுரம் என்றால் பரப்பு 0.0625 சதுர மீட்டர். 600 கிலோ சுமையின் எடை சுமார் 6,000 நியூட்டன். அழுத்தம் 96,000 பாஸ்கல். மென்மையான மண்ணில் ஒரு கால் மட்டும் புதைந்தால் வீடே சாயும். உள்ளே குடும்பம் உறங்கிக்கொண்டிருக்கலாம். அடியில் 50 செ.மீ. சதுரமான கெட்டிப் பலகையை வைத்தால் அழுத்தம் எவ்வளவு ஆகும்? நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். நான்கில் ஒரு பங்கு என்ற விடை வந்தால், ஒரு சாதாரணப் பலகையின் மதிப்பு உங்களுக்குப் புரிந்துவிட்டது.