9 மி.மீ-யா, பாயின்ட் 45-ஆ? துப்பாக்கி வாங்குபவர்கள் 'காலிபர்' தேர்வு செய்வது எப்படி?

பைக் வாங்கப் போகிறவர்களிடம் '150 சிசி போதுமா, 350 சிசி வேணுமா' என்ற விவாதம் என்றைக்கும் ஓயாது. அமெரிக்காவில் கைத்துப்பாக்கி வைத்திருப்பவர்களிடமும் அப்படி ஓயாத விவாதம் ஒன்று இருக்கிறது. '9 மி.மீ-யா, பாயின்ட் 45-ஆ?' என்பதுதான் அது.

ஒரு தரப்பு, 'பெருசு பெருசுதான், ஒரே குண்டில் ஆளைச் சாய்க்கணும்' என்று சொல்லும். இன்னொரு தரப்பு, 'பெருசா இருந்து என்ன பண்ண, குறி தவறினா எல்லாம் வேஸ்ட்' என்று பதில் சொல்லும். நூறு ஆண்டுகளுக்கு மேலாக நடக்கும் இந்த வாக்குவாதத்தில் ராணுவம், எஃப்.பி.ஐ, மருத்துவ ஆய்வாளர்கள் எனப் பலரும் தலையிட்டிருக்கிறார்கள். இந்தியாவிலோ இந்தக் கேள்விக்குப் பெரும்பகுதி பதிலைச் சட்டமே சொல்லிவிடுகிறது.

காலிபர் என்றால் என்ன?

துப்பாக்கிக் குழலின் உள்விட்டம், அல்லது அதன் வழியே பாய்ந்து செல்லும் குண்டின் விட்டம். அதுதான் காலிபர். அமெரிக்கர்கள் இதை அங்குலத்தில் சொல்வார்கள். பாயின்ட் 45 என்றால் 0.45 அங்குலம், அதாவது சுமார் 11.4 மி.மீ. பாயின்ட் 22 என்றால் சுமார் 5.6 மி.மீ. ஐரோப்பிய வழக்கத்தில் நேரடியாக மில்லிமீட்டர்.

ஆனால், பெட்டியில் எழுதியிருக்கும் எண்ணை அப்படியே நம்ப முடியாது. '.38 ஸ்பெஷல்' தோட்டாவின் குண்டு உண்மையில் 0.357 அங்குலம்தான். அதனால் .357 மேக்னம் ரிவால்வரில் .38 ஸ்பெஷல் தோட்டாவைப் போட்டுச் சுடலாம். '.380' தோட்டாவும் '9 மி.மீ லூகர்' தோட்டாவும் கிட்டத்தட்ட ஒரே அகலம். ஆனால், ஒன்றின் உறை 17 மி.மீ நீளம், இன்னொன்று 19 மி.மீ. ஒன்றுக்காகச் செய்த துப்பாக்கியில் மற்றொன்றைப் போடக் கூடாது.

நம் ஊரில் அதிகம் கேள்விப்படும் '12 போர்' இன்னும் விசித்திரமானது. அந்தக் குழலுக்குள் சரியாகப் பொருந்தும் ஈயக் குண்டுகள் 12 சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை. அதனால்தான் 12 என்ற எண். எண் கூடக் கூடக் குழல் சின்னதாகும். 20 போர் துப்பாக்கியின் குழல் 12 போரைவிடக் குறுகியது.

பெரிய குண்டு என்றால் அதிக பவரா?

அகலம் மட்டும் பவரைத் தீர்மானிப்பதில்லை. எடையும் வேகமும் சேர்ந்த கணக்கு அது. வழக்கமான 9 மி.மீ குண்டு ஒன்றின் எடை சுமார் 7.5 கிராம், வேகம் விநாடிக்கு 350 மீட்டர் அளவில் இருக்கும். பாயின்ட் 45 குண்டு அதைப்போல இரண்டு மடங்கு, சுமார் 15 கிராம். ஆனால், வேகம் 260 மீட்டர் அளவில்தான். ஆற்றலைக் கணக்குப் போட்டால் இரண்டும் 450 முதல் 500 ஜூல் என்ற அளவில் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்கும்.

இன்னொரு உதாரணம். பாயின்ட் 22 தோட்டாவும், .223 ரைபிள் தோட்டாவும் அகலத்தில் ஏறக்குறைய ஒன்றுதான். முதலாவது பயிற்சிக்கும் சிறு விலங்கு வேட்டைக்கும் பயன்படுவது. இரண்டாவது, ராணுவ ரைபிள் தோட்டாவின் சகோதரன். அதன் குண்டு ஏறக்குறைய மூன்று மடங்கு வேகத்தில் பாயும்.

1986 மயாமி: எல்லாவற்றையும் மாற்றிய ஒரு குண்டு

விவாதத்தின் தொடக்கம் பிலிப்பைன்ஸில். அங்கு நடந்த சண்டைகளில் .38 தோட்டா வாங்கியவர்கள் விழாமல் முன்னேறி வருகிறார்கள் என்று அமெரிக்க ராணுவத்துக்குப் புகார் வந்தது. 1904-ல் சோதனைகள் நடந்தன. பாயின்ட் 45-க்குக் குறையக் கூடாது என்ற பரிந்துரை வந்தது. 1911-ல் பாயின்ட் 45 பிஸ்டல் ராணுவத்தில் சேர்ந்தது. 1985-ல்தான் ராணுவம் அதைக் கைவிட்டு 9 மி.மீ-க்கு மாறியது.

அடுத்த ஆண்டே 9 மி.மீ மீது பெரிய சந்தேகம் விழுந்தது. 1986 ஏப்ரல் 11, ஃபுளோரிடா மாநிலம் மயாமி அருகே வங்கிக் கொள்ளையர்கள் இருவரை எஃப்.பி.ஐ ஏஜென்ட்கள் மடக்கினார்கள். சில நிமிடத் துப்பாக்கிச் சண்டையில் பென் குரோகன், ஜெரி டவ் என்ற இரண்டு ஏஜென்ட்கள் கொல்லப்பட்டார்கள். மேலும் ஐந்து ஏஜென்ட்கள் காயமடைந்தார்கள். கொள்ளையர்கள் இருவரும் இறந்தார்கள்.

சண்டையின் தொடக்கத்திலேயே ஒரு 9 மி.மீ குண்டு கொள்ளையன் மைக்கேல் பிளாட்டின் கையைத் துளைத்து மார்புக்குள் போனது. இதயத்தைத் தொட ஏறக்குறைய ஒரு அங்குலம் இருக்கும்போது நின்றுவிட்டது. அந்தக் காயத்தோடு அவன் தொடர்ந்து சுட்டான். அவன் கையில் இருந்தது .223 ரைபிள்.

அந்த ஒரு அங்குலம்தான் எஃப்.பி.ஐ-யின் சோதனை முறையையே மாற்றியது. மனிதத் தசை போன்ற ஜெலட்டின் கட்டிக்குள் குண்டு குறைந்தது 12 அங்குலம் போக வேண்டும், 18 அங்குலத்தைத் தாண்டத் தேவையில்லை என்ற அளவுகோல் வந்தது. கனமான துணி, ஒட்டுப்பலகை, இரும்புத் தகடு, கார் கண்ணாடி ஆகியவற்றின் வழியாகவும் சுட்டுப் பார்த்தார்கள்.

போன இடத்துக்கே திரும்பி வந்த எஃப்.பி.ஐ

முதலில் 10 மி.மீ என்ற சக்திவாய்ந்த தோட்டாவைத் தேர்ந்தெடுத்தார்கள். சுடும்போது கையில் விழும் உதை அதிகமாக இருந்தது. மருந்தைக் குறைத்துப் பார்த்தார்கள். 'குறைத்த மருந்துக்கு இவ்வளவு நீளமான உறை எதற்கு?' என்ற கேள்வி வந்தது. அதிலிருந்து 1990-ல் பிறந்ததுதான் .40 ஸ்மித் அண்ட் வெஸன் தோட்டா. அமெரிக்க போலீஸ் துறைகள் வரிசையாக அதற்கு மாறின. 1997-ல் எஃப்.பி.ஐ-யும் .40 க்ளாக் துப்பாக்கிகளை எடுத்துக்கொண்டது.

இங்கேதான் ட்விஸ்ட். 2014-ல் எஃப்.பி.ஐ-யின் பயிற்சிப் பிரிவு, மீண்டும் 9 மி.மீ-க்கே திரும்பலாம் என்று காரணங்களோடு எழுதியது. 2016-ல் 9 மி.மீ துப்பாக்கிகளுக்கு ஒப்பந்தமும் போடப்பட்டது.

என்ன மாறியது? முதலாவது, குண்டு. முனையில் குழி உள்ள 'ஹாலோ பாயின்ட்' குண்டு உடலுக்குள் போனதும் பூப்போல விரியும். 1986-ல் இருந்ததைவிட இப்போதைய வடிவமைப்பு பல மடங்கு தேறியிருக்கிறது. விரிந்தும் போகிறது, தேவையான ஆழத்துக்கும் போகிறது.

இரண்டாவது, சுடுகிற மனிதன். நிஜ மோதல்களில் போலீஸார் சுடும் குண்டுகளில் சராசரியாக 20 முதல் 30% மட்டுமே எதிரியின் மீது படுவதாக எஃப்.பி.ஐ அந்த ஆவணத்தில் சொன்னது. மீதி எல்லாம் சுவரிலும் சாலையிலும் வேறெங்கோதான் போகும். உதை குறைவான 9 மி.மீ-ல் பெரும்பாலானவர்கள் வேகமாகவும், குறி தவறாமலும் சுட்டார்கள். மேகசினில் தோட்டாக்களும் அதிகம் பிடிக்கும். க்ளாக் நிறுவனத்தின் முழு அளவு பிஸ்டலில் 9 மி.மீ என்றால் 17, .40 என்றால் 15, பாயின்ட் 45 என்றால் 13.

கடையில் நிற்பவர் என்ன யோசிக்கிறார்?

போலீஸ் கணக்கு ஒரு பக்கம். தற்காப்புக்காகத் துப்பாக்கி வாங்கும் சாதாரண அமெரிக்கர் பார்ப்பது பெரும்பாலும் இவற்றைத்தான்:

* எங்கே வைத்துக்கொள்வது? இடுப்பில் மறைத்து எடுத்துப் போக வேண்டும் என்றால் துப்பாக்கி சின்னதாக, லேசாக இருக்க வேண்டும். ஆனால், துப்பாக்கி லேசாக ஆக ஆக அதே தோட்டாவின் உதை இன்னும் பலமாகத் தெரியும். அதனால் சிலர் .380-க்கு இறங்குகிறார்கள்.

* கை தாங்குமா? வயதானவர்கள், மூட்டுவலி உள்ளவர்கள் பாயின்ட் 22-ஐக்கூடத் தேர்வு செய்வதுண்டு. சுடவே பயப்பட வைக்கும் துப்பாக்கியை வைத்து யாரும் பயிற்சி எடுப்பதில்லை.

* தோட்டா விலை என்ன, கிடைக்குமா? துப்பாக்கி ஒரு முறை செலவு, தோட்டா தொடர் செலவு. பாயின்ட் 22 மலிவு. 9 மி.மீ, பாயின்ட் 45-ஐவிட மலிவு. 2020-ல் கொரோனா காலத்தில் துப்பாக்கி விற்பனை எகிறியபோது 9 மி.மீ தோட்டாவுக்கே தட்டுப்பாடு வந்து விலை ஏறியது. இரண்டு மூன்று காலிபர்களில் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் சொல்லும் காரணங்களில் இதுவும் ஒன்று.

* சுவருக்குப் பின்னால் யார்? அமெரிக்க வீடுகளின் உட்சுவர்கள் பெரும்பாலும் ஜிப்சம் பலகை. கைத்துப்பாக்கிக் குண்டு எதுவாக இருந்தாலும் அதைத் துளைத்துவிடும். அடுத்த அறையில் தூங்கும் குழந்தையையும் கணக்கில் எடுத்தாக வேண்டும்.

* எந்த விலங்கு? மான் வேட்டைக்கு பாயின்ட் 22 கூடாது என்று பல மாநிலங்களின் சட்டமே சொல்கிறது. கரடிகள் உலவும் அலாஸ்கா காட்டுக்குப் போகிறவர்கள் 10 மி.மீ அல்லது .44 மேக்னம் எடுத்துப் போவார்கள். நகரத்துக்குச் சரியான விடை அங்கே சரிப்படாது.

இவ்வளவும் யோசித்த பிறகு, பெரும்பாலான பயிற்சியாளர்கள் சொல்வது ஒன்றுதான். உன்னால் அடிக்கடி சுட்டுப் பழக முடிகிற, கட்டுப்படுத்த முடிகிற காலிபரை எடு. 9 மி.மீ இன்று முன்னணியில் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

எதிரில் நிற்பவரின் கணக்கு

இதுவரை பார்த்தது எல்லாம் துப்பாக்கி பிடித்திருப்பவரின் பக்கம். குண்டு வாங்குபவரின் பக்கத்திலிருந்து பார்த்தால் கணக்கு வேறு.

பாஸ்டன் நகரில் 2010 முதல் 2014 வரை நடந்த துப்பாக்கித் தாக்குதல்களின் போலீஸ் ஆவணங்களை அந்தோணி பிராகா, பிலிப் குக் என்ற இரு ஆய்வாளர்கள் அலசினார்கள். ஆய்வு 2018-ல் வெளியானது. பாயின்ட் 22, 25, 32 ஆகியவை சிறிய வகை. .38, .380, 9 மி.மீ ஆகியவை நடுத்தர வகை. .357 மேக்னமும் அதற்கு மேலும் பெரிய வகை.

உடலில் எத்தனை குண்டு, எந்த இடத்தில் பட்டது என்பதில் மூன்று வகைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால், சிறிய வகையோடு ஒப்பிட்டால் நடுத்தர வகையில் மரண வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல், பெரிய வகையில் நான்கு மடங்குக்கு மேல். எல்லாமே சிறிய காலிபராக இருந்திருந்தால் கொலைகள் சுமார் 40% குறைந்திருக்கும் என்பது அவர்களின் மதிப்பீடு. சுட்டவர்களின் நோக்கமும் திறமையும் அப்படியே இருந்தாலும், கையில் கிடைத்த துப்பாக்கியின் காலிபர் ஓர் உயிரை எடுக்கவோ விடவோ செய்கிறது என்பதுதான் இதன் அர்த்தம்.

இந்தியாவில் யார் முடிவு செய்வது?

இங்கே லைசென்ஸ் இல்லாமல் பேச்சே இல்லை. 1959 ஆயுதச் சட்டமும் 2016 ஆயுத விதிகளும் துப்பாக்கிகளை 'தடை செய்யப்பட்ட போர்', 'தடை செய்யப்படாத போர்' என்று பிரிக்கின்றன. ராணுவமும் போலீஸும் பயன்படுத்தும் சர்வீஸ் தோட்டாக்களைப் போட்டுச் சுடக்கூடியவை முதல் வகையில் வரும். 9 மி.மீ பிஸ்டல், .303, 7.62 ரைபிள்கள் எல்லாம் அதில் அடக்கம். அமெரிக்காவில் கடையில் சாதாரணமாக விற்கும் 9 மி.மீ, இந்தியாவில் சாமானியருக்கு எட்டாத பொருள்.

அதனால்தான் இந்தியாவில் லைசென்ஸ் கைத்துப்பாக்கி என்றதும் 'பாயின்ட் 32' என்ற பெயர் அடிபடுகிறது. கான்பூர் அரசு ஆயுதத் தொழிற்சாலை 2014-ல் பெண்களுக்கென்று விளம்பரப்படுத்திய 'நிர்பீக்' ரிவால்வரும் பாயின்ட் 32-தான். நீள் துப்பாக்கி என்றால் 12 போர். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையும் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தது.

எந்தத் தோட்டா அரசுக்குச் சொந்தம் என்பதை வைத்துத்தான் சட்டம் இந்தக் கோட்டைப் போட்டது. ஆனால், விளைவைப் பாருங்கள். பாஸ்டன் ஆய்வின்படி பாயின்ட் 32 சிறிய வகை, இங்கே சாமானியருக்கு மறுக்கப்பட்ட 9 மி.மீ நடுத்தர வகை.

விளையாட்டில் இந்த விவாதத்துக்கே இடம் இல்லை. ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் ரைபிள், ஏர் பிஸ்டல் போட்டிகளுக்கு 4.5 மி.மீ. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் சுடுவது இதில்தான். 25 மீட்டர் பிஸ்டலுக்கும் 50 மீட்டர் ரைபிளுக்கும் 5.6 மி.மீ, அதாவது பாயின்ட் 22. காலிபரை விதிப்புத்தகம் சொல்லிவிடுவதால், முன்னணி ரைபிள் வீரர்கள் ஒரே தோட்டாவின் வெவ்வேறு உற்பத்தித் தொகுதிகளைச் சுட்டுப் பார்த்து, தங்கள் துப்பாக்கிக்கு ஒத்துப்போவதை வாங்குகிறார்கள்.

அமெரிக்காவில் இந்த முடிவு வாங்குபவர் கையில், இந்தியாவில் சட்டத்தின் கையில், ஒலிம்பிக்கில் விதிப்புத்தகத்தின் கையில். மயாமியில் ஒரு அங்குலம் குறைந்ததற்கு ஏஜென்ட்கள் விலை கொடுத்தார்கள். பாஸ்டனில் சில மில்லிமீட்டர் கூடியதற்குத் தெருவில் நின்றவர்கள் விலை கொடுத்தார்கள்.