மாதவிலக்கு தீட்டா? உப்பளம், கடலில் உழைக்கும் பெண்கள் தெரிஞ்சிக்க வேண்டியவை

ராமநாதபுரம் மாவட்டம் கடலாடி தாலுகாவில் உள்ள கடலோர கிராமம் வாலிநோக்கம். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் உப்பளம். உப்பு அள்ளுவது, கருவாடு காய வைப்பது, கடல்பாசி எடுப்பது என்று இந்த கரையோரத்து பெண்கள் ஆண்களுக்கு சமமாக உழைக்கிறார்கள்.

ஆனால் மாதத்தில் 'அந்த 3 நாள்' வந்துவிட்டால், "அதைத் தொடாதே, இங்கே வராதே" என்ற பேச்சு தமிழ்நாட்டில் பல வீடுகளில் இன்றும் கேட்கிறது. தூரமான பெண் அடுப்படிக்கு வரக்கூடாதாம். வெயிலில் உப்பு மட்டும் சுமக்கலாமாம்!

உயிரைக் குடித்த குடிசை

இந்த பழக்கம் உயிரையும் பறித்திருக்கிறது. 2018-ம் ஆண்டு நவம்பர் 16-ந்தேதி கஜா புயல் கரையை கடந்தது. அன்று தஞ்சை மாவட்டம் பட்டுக்கோட்டை அருகே அணைக்காடு கிராமத்தில், வயசுக்கு வந்ததால் தனி குடிசையில் தங்க வைக்கப்பட்டிருந்த சிறுமி, தென்னை மரம் விழுந்து பரிதாபமாக இறந்தாள்.

கெட்ட ரத்தம் அல்ல

கரு தங்குவதற்காக கர்ப்பப்பை மாதந்தோறும் மெத்தை போல ஒரு சவ்வை தயார் செய்கிறது. கரு தங்காவிட்டால் அந்த சவ்வு ரத்தத்துடன் வெளியேறுகிறது. இதுதான் மாதவிலக்கு. இதில் தீட்டு எங்கே இருக்கிறது? 21 முதல் 35 நாளுக்கு ஒருமுறை வந்தால் இயல்புதான்.

வெட்கப்பட்டு மறைப்பதால்தான் நோய் வருகிறது. துணியை யாரும் பார்க்காத இருட்டு மூலையில் காயப்போட்டால் கிருமி சேரும். கழிப்பறை இல்லாத இடத்தில் வேலை செய்பவர்கள் தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டால் நீர்க்கடுப்பு, சிறுநீர் தொற்று வரும். ஈரத்துணியோடு மணிக்கணக்கில் இருந்தால் அரிப்பும் புண்ணும் உண்டாகும்.

ரத்தசோகை உஷார்

2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது பெண்களில் பாதிப்பேருக்கு மேல் ரத்தசோகை உள்ளது. மாதவிலக்கில் அதிக ரத்தம் போனால் இது இன்னும் மோசமாகும். அப்படியே கர்ப்பமானால் பிரசவத்தில் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து.

என்ன செய்யணும்?

* துணி என்றால் சோப்பு போட்டு துவைத்து நல்ல வெயிலில் காய வைக்கணும். நாப்கின் என்றால் 4 முதல் 6 மணி நேரத்துக்குள் மாத்தணும்.

* முருங்கைக்கீரை, பயறு, மீன், முட்டை சாப்பிடணும். சடங்கான பெண்ணுக்கு உளுந்தங்களி கொடுக்கும் நம்ம ஊர் வழக்கம் நல்ல வழக்கம். அதை விட்டுடக்கூடாது.

* 10 முதல் 19 வயது பெண்களுக்கு இலவச நாப்கின் தரும் 'புதுயுகம்' திட்டம் 2012-ம் ஆண்டு தொடங்கப்பட்டது. கிராம சுகாதார நர்சிடம் கேட்கலாம்.

* 7 நாளுக்கு மேல் உதிரம் போனாலோ, 2 மணி நேரத்துக்குள் நாப்கின் நனைந்தாலோ உடனே டாக்டரை பார்க்கணும்.

* நாள் தள்ளிப்போனால் வெட்கப்படாமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனை செய்து, 12 வாரத்துக்குள் கர்ப்பத்தை பதிவு செய்யணும். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி பெறவும் இந்த பதிவு வேண்டும்.

சந்தேகம் இருந்தால் 104 எண்ணுக்கு போன் செய்து கேட்கலாம். வீட்டில் உள்ள ஆண்களும் இதை தெரிஞ்சிக்கணும். அந்த 3 நாளும் குடம் தூக்கும் வேலையையாவது அவர்கள் வாங்கிக்கொண்டால் பெண்களுக்கு பெரிய உதவியாக இருக்கும்.