ஓர் உலையும் ஒரு குடும்பமும்
டில்லிப் பல்கலைக் கழகச் சமூகவியல் துறையின் ஆராய்ச்சிகள்

மக்கள் தொகைக் கணக்கெடுப்புக்காக வீடு வீடாகச் செல்லும் ஆசிரியர்கள் பின்வரும் இடர்ப்பாட்டை நன்கறிவர். ஒரே கூரையின்கீழ் இரண்டு அடுப்புகள் எரிகின்றன. அண்ணன் ஓர் அறையிலும் தம்பி மற்றோர் அறையிலும் தத்தம் மனைவி மக்களோடு சமைத்துண்கின்றனர். தாய் அண்ணனோடு உண்கிறாள். நிலம் இன்னும் பாகம் பிரிக்கப்படவில்லை. படிவத்தில் இதனை ஒன்றென்று எழுதுவதா, இரண்டென்று எழுதுவதா? கணக்கெடுப்பு விதி ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. வழக்கமாகச் சேர்ந்து வாழ்ந்து, ஒரே சமையலில் உண்போர் ஒரு தொகுதி. ஆகவே இங்குள்ளவை இரண்டு. ஆனால் அவ்வீட்டாரை வினவினால், "நாங்கள் ஒரே குடும்பந்தான், உலைதான் வேறு" என்பர்.

இவ்விரு விடைகளும் சரியே. முன்னது குடித்தனத்தைப் பற்றியது. பின்னது குடும்பத்தைப் பற்றியது. அலுவலகப் படிவங்களில் நாம் இரண்டுக்கும் குடும்பம் என்னும் ஒரே சொல்லை வழங்கிவிடுகிறோம். பேச்சு வழக்கோ இவ்வேறுபாட்டைக் கைவிடவில்லை. மணமான மகன் 'தனிக்குடித்தனம் போனான்' என்றுதான் சொல்வார்களேயன்றி, 'தனிக்குடும்பம் போனான்' என்று எவரும் சொல்வதில்லை. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டதால் நம் நாட்டுக் குடும்பத்தைப் பற்றி நெடுங்காலம் நிலவிய தவறான கருத்தொன்றைக் கள ஆராய்ச்சியின் வாயிலாக எடுத்துக்காட்டியது டில்லிப் பல்கலைக் கழகச் சமூகவியல் துறை. அத்துறையின் பணிகளுள் களப்பணியாளருக்கும் ஆசிரியருக்கும் மிகவும் பயன்படத்தக்கது இதுவே என்பது இக்கட்டுரையாளரின் துணிபு.

துறையின் தோற்றம்

இந்தியாவில் சமூகவியலுக்கெனப் பல்கலைக் கழகத் துறை முதன்முதலில் தொடங்கப்பெற்றது பம்பாயில், 1919-ஆம் ஆண்டில். அங்கு பேராசிரியர் குர்யேயிடம் பயின்று, பின்னர் ஆக்ஸ்போர்டில் ஆராய்ச்சி செய்து திரும்பிய எம். என். சீனிவாஸ், முதலில் பரோடாவிலும், 1959-இல் டில்லிப் பொருளாதாரக் கல்லூரி வளாகத்திலும் புதிய துறைகளைத் தோற்றுவித்தார். அவரை டில்லிக்கு வரவழைத்தவர், அக்காலத்தில் துணைவேந்தராயிருந்த பொருளியலறிஞர் வி. கே. ஆர். வி. ராவ். 1968-இல் பல்கலைக் கழக மானியக் குழு இத்துறையை உயர் ஆய்வு மையமாக ஏற்றுக்கொண்டது.

சீனிவாஸ் தம் மாணவர்களுக்கு இட்ட முதல் விதி, ஆராயப்படும் மக்களிடையே சென்று நெடுநாள் தங்கவேண்டுமென்பது. சாத்திர நூல்களைக் கொண்டு சமுதாயத்தை அறிவதை நூல்வழிப் பார்வை என்றும், நேரில் கண்டறிவதைக் களவழிப் பார்வை என்றும் அவர் பிரித்துரைத்தார். தாமே 1948-இல் மைசூரை அடுத்த ஒரு சிற்றூரில் தங்கி, இராம்புரா என்னும் புனைபெயரால் அதனை உலகறியச் செய்தவர். 1970 ஏப்ரல் 24-ஆம் நாள், அவர் அமெரிக்காவில் ஸ்டான்போர்டில் தங்கியிருந்தபோது, ஆய்வு நிலையத்தில் மூண்ட தீயில் அவ்வூரைப் பற்றி அவர் வகைப்படுத்தி வைத்திருந்த குறிப்புகளின் மூன்று படிகளும் எரிந்துபோயின. ஆயினும் பெரிதும் நினைவைத் துணைக்கொண்டு எழுதி, 1976-இல் நூலை வெளியிட்டார். படிகளை ஒரே இடத்தில் வைப்பதன் இடரைக் களக்குறிப்பு எழுதுவோருக்கு உணர்த்த இதனினும் தக்க சான்று வேறில்லை.

குஜராத்துச் சிற்றூரில் ஓர் ஆராய்ச்சி

சீனிவாஸிடம் பரோடாவில் பயின்று, பின்னர் டில்லித் துறையில் பேராசிரியராக விளங்கியவர் ஏ. எம். ஷா. 1950-களின் பிற்பாதியில் அவர் குஜராத்தின் கேடா மாவட்டத்திலுள்ள இராத்வணஜ் என்னும் ஊரில் தங்கி ஆராய்ந்தார். அவருடைய முறையில் ஒரு தனிச் சிறப்பு உண்டு. ஆங்கிலேயர் அம்மாவட்டத்தைக் கைக்கொண்டபின், 1820-களில் ஊர்தோறும் எடுத்த அளவைப் பதிவேடுகளில் குடிகளைப் பற்றிய விவரங்களும் இடம்பெற்றிருந்தன. தாம் நேரில் கண்ட ஊரையும், ஏறத்தாழ நூற்று முப்பது ஆண்டுகட்கு முற்பட்ட அதே ஊரையும் ஒப்பிட்டு நோக்க இதனால் அவருக்கு வாய்ப்புக் கிட்டியது. ஊரார் வமிசாவளியைத் தலைமுறை தலைமுறையாக ஏடுகளில் எழுதிவைத்துப் படித்துக்காட்டும் வகிவஞ்சா பாரோட்டுகள் என்னும் மரபினரைப் பற்றியும் அவர் தம் உடனாய்வாளரோடு தனியே ஆராய்ந்துள்ளார். இக்குடும்ப ஆராய்ச்சி 1970-களின் தொடக்கத்தில் நூலாயிற்று.

அக்காலத்தில் கற்றோரிடையே ஒரு கொள்கை வேரூன்றியிருந்தது. பண்டைக்காலத்தில் இந்தியர் அனைவரும் கூட்டுக் குடும்பமாக வாழ்ந்தனர். தொழிற்சாலையும் நகரமும் ஆங்கிலக் கல்வியும் வந்தபின் அது சிதைந்து தனிக் குடும்பமாகிவிட்டது என்பது அக்கொள்கை. இன்றும் பள்ளிப் பாடங்களில் இதனைக் காண்கிறோம். இதன் மூலம் எதுவெனத் தேடினால், தரும சாத்திரங்களையும் சொத்துரிமை வழக்குகளையும் கொண்டு சட்ட அறிஞர்கள் வகுத்த கருத்தே என்பது புலனாகும். சட்டம் பேசியது சொத்தில் பங்குடையோர் யாவர் என்பதைப் பற்றி. ஒரே உலையில் உண்போர் யாவர் என்பதைப் பற்றியன்று.

பழைய பதிவேடுகளும் களத்தில் கண்டவையும் இக்கொள்கைக்கு மாறாயிருந்தன. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பெற்றோரும் மணமாகாத மக்களும் மட்டும் வாழும் எளிய குடித்தனங்கள் சிற்றூர்களில் மிகுதியாகவே இருந்துள்ளன. காரணம் வெளிப்படை. மகனுக்கு மணமாகி, பேரன் பிறக்கும் வரை தந்தை உயிரோடிருந்தால்தானே மூன்று தலைமுறையினர் கூடி வாழ்தல் இயலும்? கொள்ளைநோயும் பஞ்சமும் மக்களின் ஆயுளைக் குறுக்கியிருந்த காலம் அது. நிலபுலம் மிக்க மேல்வகுப்பாரிடையே பெரிய குடித்தனங்கள் இருந்தன. கூலி செய்து பிழைத்தோரிடம் அவை அரிதாயிருந்தன.

எண்கள் மயக்கும் விதம்

இவ்விடத்தில் ஆசிரியர்கள் கரும்பலகையில் போட்டுக் காட்டத்தக்க ஒரு சிறு கணக்கைக் கருதுவோம். ஒரு குடியானவருக்கு மூன்று புதல்வர். மூத்தவன் மணமாகிச் சில ஆண்டு பெற்றோருடன் வாழ்ந்து, தம்பிக்கு மணமானதும் தனியே போகிறான். இரண்டாமவனும் அவ்வாறே செய்கிறான். கடைசி மகன் பெற்றோருடனேயே தங்கிவிடுகிறான். வயதான காலத்தில் பெற்றோர் ஒரு மகனோடு வாழவேண்டும் என்னும் நெறி இங்குச் சற்றும் வழுவவில்லை. ஆயினும் கணக்கெடுப்போர் காண்பது மூன்று குடித்தனங்கள். அவற்றுள் இரண்டு எளியவை, ஒன்றே கூட்டு. 'மூன்றில் இரு பங்கு தனிக் குடும்பம். கூட்டுக் குடும்பம் அழிகிறது' என்று அறிக்கை எழுதிவிடலாம்! பெற்றோர் இருவர், புதல்வர் மூவர். ஒரே காலத்தில் மூன்று வீட்டில் அவர்கள் வாழ முடியாது.

இனிக் குடித்தனங்களை எண்ணாது ஆட்களை எண்ணுவோம். எளிய குடித்தனம் ஒவ்வொன்றிலும் நால்வர். கடைசி மகன் வீட்டில் பெற்றோரும் பிள்ளைகளுமாக எண்மர் எனின், பதினாறு பேரில் எட்டுப் பேர், அதாவது சரிபாதியினர், கூட்டுக் குடித்தனத்தில் வாழ்கின்றனர். அதே ஊர், அதே மக்கள். எண்ணும் முறையொன்றே வேறு.

மேலும், ஒரு குடித்தனம் என்றும் ஒரே நிலையில் நிற்பதன்று. இன்று எளியதாக இருப்பது மகனுக்கு மணமானதும் கூட்டாகும். முதியோர் மறைந்ததும் மீண்டும் எளியதாகும். ஆகவே ஒரு நாளில் எடுத்த கணக்கை மட்டும் கொண்டு வழக்கம் மாறிவிட்டதென்று முடிவுகட்டல் பொருந்தாது. மணமான மகன் பெற்றோருடன் வாழ்தலும், பெற்றோர் மறைந்தபின் உடன்பிறந்தோர் சேர்ந்து வாழ்தலும் வெவ்வேறு நெறிகள் என்பதையும் ஷா வற்புறுத்தினார். பின்னது தளர்வதைக் கண்டு முன்னதும் தளர்ந்ததாகக் கருதிவிடுகிறோம்.

1990-களில் அவர் எழுதிய கட்டுரைகள் இன்னும் ஒரு படி மேற்சென்றன. 1951-க்குப் பிந்திய சில கணக்கெடுப்புகளில் குடித்தனத்தின் சராசரி அளவு குறையவில்லை. மாறாக, உயர்ந்தே வந்தது. ஆயுள் நீண்டமை, நகரங்களில் வீடு கிடைப்பதன் அருமை, முன்னேறும் வகுப்பார் மேல்வகுப்பாரின் நெறியைப் பின்பற்றல் ஆகியவை கூட்டுக் குடித்தனத்தைப் பெருக்கின. நகர்ப்புறத்துக் கற்ற அலுவலர் வகுப்பு ஒன்றிலேயே சிதைவு தெளிவாகத் தெரிகிறது என்று அவர் வாதிட்டார். சிதைவுக் கொள்கையை எழுதியோர் பெரும்பாலும் அவ்வகுப்பைச் சேர்ந்தவரே என்பதையும் இங்கு நினைவு கூரலாம்.

2011-ஆம் ஆண்டுக் கணக்கில் சராசரி ஐந்துக்குச் சற்றுக் கீழே இறங்கியது. கூட்டுக் குடித்தனம் இம்முறை உண்மையாகவே உடைந்துவிட்டதோ எனச் சிலர் ஐயுற்றனர். எனினும் பிள்ளைப்பேறு குறைந்துவரும் காலம் இது. 2019-21-இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி ஒரு பெண்ணுக்குச் சராசரி இரண்டு மகவே. ஆறு பிள்ளைகளோடு எண்மர் வாழ்ந்த எளிய குடித்தனத்தைவிட, பாட்டன் பாட்டியோடும் இரு பிள்ளைகளோடும் அறுவர் வாழும் கூட்டுக் குடித்தனம் சிறியதன்றோ? சராசரி எண் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டாது. வட கங்கைச் சமவெளியில் கூட்டுக் குடித்தனம் மிகுதி, தெற்கே குறைவு என்னும் வட்டார வேறுபாட்டையும் அது மறைத்துவிடும்.

துறையின் பிற பணிகள்

இத்துறையினரின் ஆராய்ச்சி குடும்பத்தோடு நின்றதன்று. தஞ்சை மாவட்டத்தில் ஸ்ரீபுரம் என்று புனைபெயரிட்ட ஊரில் 1961-62-இல் தங்கிய ஆந்த்ரே பெத்தேய், முன்பு ஒரே கையில் குவிந்திருந்த சாதி உயர்வும் நிலவுடைமையும் ஊராட்சி அதிகாரமும் ஒன்றினின்று ஒன்று பிரிந்து செல்வதை 1965-இல் வெளிவந்த நூலில் விளக்கினார். ஈ. ஏ. இராமசாமி கோயம்புத்தூர்ப் பஞ்சாலைத் தொழிலாளரையும் அவர்தம் சங்கத்தையும் ஆராய்ந்தார். பி. எஸ். பாவிஸ்கர் மகாராஷ்டிரத்துக் கோபர்காவில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையை ஆராய்ந்து, உட்கட்சிப் பூசல் மலிந்த ஆலையும் திறம்பட நடக்கக்கூடும் எனக் காட்டினார். ஒவ்வொன்றும் தனிக் கட்டுரைக்கு உரியது.

நம் பொருளுக்கு நெருங்கியது துளசி படேலின் ஆராய்ச்சி. 1994-இல் வெளிவந்த அவருடைய நூல் இராஜஸ்தானத்துச் சிற்றூர் ஒன்றில் மகப்பேற்றைப் பற்றியது. எத்தனை பிள்ளை, எப்போது என்னும் முடிவு கணவன் மனைவி இருவர் மட்டும் செய்வதன்று. மாமியாரும் உற்றாரும் அயலாரும் அதில் இடம்பெறுகின்றனர் என்பதை அது விரித்துரைக்கிறது. குடும்பநலப் பணியாளர் இளம் தாயை மட்டும் தனியே அழைத்துப் பேசிவிட்டுத் திரும்புவதால் பயன் குறைவு என்பது இதனால் பெறப்படும். கருவிலேயே பெண் மகவை அறிந்தழிக்கும் கொடுமையைப் பற்றி 2007-இல் அவர் ஒரு தொகுப்பு நூலை வெளியிட்டார். ஆறு வயது வரையுள்ள குழந்தைகளுள் ஆயிரம் ஆணுக்கு 1991-இல் 945-ஆக இருந்த பெண் எண்ணிக்கை, 2001-இல் 927, 2011-இல் 919 எனக் குறைந்துகொண்டே வந்தது. 1994-ஆம் ஆண்டிலேயே இதற்கெதிரான சட்டம் இயற்றப்பட்டும் இந்நிலை!

அண்மைக் காலத்தில் இத்துறைப் பேராசிரியர் ரஜ்னி பால்ரிவாலா, நீதா என்னும் ஆய்வாளரோடு சேர்ந்து, குழந்தைகளைப் பேணும் பொறுப்பு யாருடையது என்னும் வினாவை எழுப்பினார். அவர்களுடைய கட்டுரை 2011-இல் வெளிவந்தது. குடும்பம் பேணிக்கொள்ளும் என்பது அரசுத் திட்டங்கள் பலவற்றின் உள்ளெண்ணம். ஆனால் எல்லாக் குடும்பமும் ஒரு தன்மையன அல்ல. வசதியுள்ள வீட்டார் கூலிக்கு ஆள் அமர்த்துகின்றனர். அவ்வாறு வேலைக்கு வரும் பெண்ணின் குழந்தையை அவள் வீட்டில் பார்ப்பார் யார்? 1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிப் பணியாளரையே நோக்குக. நாள்தோறும் பணி செய்யும் அவர்களைத் தொண்டர் என்றழைத்து, ஊதியம் என்னாது மதிப்பூதியம் என்று அளித்து வருவதிலும், பேணுதல் பெண்டிரின் இயல்பான கடமை என்னும் எண்ணமே அடங்கியுள்ளது என்பது ஆய்வாளர் கருத்து. இவ்விதழைப் படிப்போருள் பலருக்கு இது நூலறிவால் தெரியவேண்டியதன்று.

முதியோரைப் பேணுதற்கு 2007-இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் பயனை அளக்க விரும்புவோர், முதியவர் யாருடன் வாழ்கிறார் என்னும் எண்ணிக்கையைத் தேடுவர். அப்போது மீண்டும் குடித்தனப் படிவத்துக்கே வருகிறோம். நாட்டின் பல பகுதிகளில், தனித்தனியே வாழும் புதல்வர் பெற்றோரைப் பங்கிட்டுக்கொள்ளும் வழக்கம் உண்டு. தந்தை மூத்தவன் வீட்டில் உண்கிறார். தாய் இரண்டு தெரு தள்ளி இளையவன் வீட்டில் உண்கிறாள். பிறிதோரிடத்தில் இருவரும் மாதத்துக்கு ஒரு வீடென முறைவைத்து மாறுகின்றனர். முன்னதில் இரு வீடும் கூட்டுக் குடித்தனங்களாகப் பதிவாகும். முதியோர் இருவரும் மகனோடு வாழ்வோர் பட்டியலில் இடம்பெறுவர்; இருவருக்கு நேரேயும் 'மணமானவர்' என்றே எழுதப்படும். அவர்கள் ஒருவரையொருவர் பிரிந்து வாழ்கின்றனர் என்பதை எழுதுவதற்குப் படிவத்தில் இடமில்லை.