வண்டி ஓட்டும்போது வரும் அழைப்பு



மாலை நேரம். மகன் கடையை அடைத்துவிட்டு பைக்கில் வந்துகொண்டிருக்கிறான். வீட்டிலிருந்து உம்மா போன் போடுகிறார். "எங்கே வாப்பா வர்றே? வரும்போது பால் வாங்கிட்டு வா." அவன் ஒரு கையால் போனை எடுத்து ஹெல்மெட்டுக்குள் செருகிக்கொண்டு, "இதோ வந்துட்டேன் உம்மா" என்கிறான். நம் எல்லோர் வீட்டிலும் நடப்பதுதான். ஆனால் அந்த ஒரு நிமிடத்தில் ஓர் உயிர் போய்விடலாம் என்பதை இருவருமே நினைப்பதில்லை.

ஐந்து நொடியில் என்ன ஆகும்?

60 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் ஓடிவிடும். வந்த செய்தியைப் படிக்க ஐந்து நொடி குனிந்தால், 83 மீட்டர் தாண்டியிருப்போம். சுமார் பத்து வீடுகளைக் கண்ணை மூடிக்கொண்டு கடப்பதற்கு இது சமம். அதற்குள் ஒரு குழந்தை தெருவில் இறங்கினால் பிரேக் பிடிக்கவே தோன்றாது. ஏனென்றால் குழந்தையை நாம் பார்த்திருக்கவே மாட்டோம்.

புளூடூத்தில் பேசினால் ஆபத்து இல்லையா?

"இரண்டு கையும் ஹேண்டில்பாரில்தான் இருக்கிறது" என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். கனடாவின் டொரண்டோ நகரில், விபத்தில் சிக்கிய 699 ஓட்டுநர்களின் செல்போன் பதிவுகளை ஆராய்ந்து 1997-இல் முடிவை வெளியிட்டார்கள். போன் பயன்படுத்தும்போது விபத்து நேரும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்காக இருந்தது. கையில் பிடிக்காமல் பேசுவதால் கூடுதல் பாதுகாப்பு எதுவும் தெரியவில்லை.

காரணம் எளிது. கண் சாலையில் இருந்தாலும் மனம் பேச்சில் இருக்கிறது. பக்கத்தில் அமர்ந்து பேசுபவர், எதிரே லாரி வந்தால் பேச்சை நிறுத்திவிடுவார். போனில் இருப்பவருக்கு லாரி தெரியாது. அவர் பேசிக்கொண்டே இருப்பார்.

ஹெல்மெட்டுக்குள்ளோ, சகோதரிகள் தலைத்துணிக்குள்ளோ போனைச் செருகினால் ஒரு காது அடைபடும். பின்னால் வரும் பஸ்ஸின் ஹார்ன் சரியாகக் கேட்காது. நழுவும் போனைப் பிடிக்கப் போனால் வண்டியே தடுமாறும்.

சட்டம் சொல்வது

2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆவது பிரிவு, போனைக் கையில் வைத்துப் பயன்படுத்தியபடி ஓட்டுவதை ஆபத்தான ஓட்டுதலில் சேர்த்துள்ளது. முதல் முறை என்றால் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கலாம். மூன்று ஆண்டுக்குள் மீண்டும் செய்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். லைசென்ஸையும் நிறுத்தி வைக்கலாம். ஆட்டோவும் வேனும் ஓட்டிப் பிழைக்கும் குடும்பத்துக்கு லைசென்ஸ் போனால் அடுப்பு எரியாது.

வீட்டில் இருப்பவர்கள் கவனிக்க

ஓட்டுபவரை அழைப்பது பல நேரங்களில் நாம்தான். எனவே பொறுப்பில் நமக்கும் பங்குண்டு.

• போன் எடுத்ததும் முதலில் "வண்டி ஓட்டுறியா?" என்று கேளுங்கள். ஆம் என்றால் உடனே வைத்துவிடுங்கள்.

• எடுக்கவில்லை என்றால் திரும்பத் திரும்ப அடிக்காதீர்கள். குறிப்பாக நோன்பு திறக்கும் நேரத்தில், "இன்னும் வரலையா?" என்று அவசரப்படுத்தாதீர்கள்.

• சவூதியிலும் துபாயிலும் இருக்கும் உறவினர்களுக்கும், பிள்ளைகள் வண்டியில் இருக்கும் நேரத்தைச் சொல்லி வையுங்கள்.

• பிள்ளைகள் வேன் வரத் தாமதமானால் ஓட்டுநருக்குப் போன் செய்யாதீர்கள். பள்ளி அலுவலகத்தில் கேளுங்கள்.

ஓட்டுபவர்கள் கவனிக்க

• புறப்படும் முன் போனைச் சைலண்டில் போட்டு, சீட்டுக்கு அடியிலோ பையிலோ வையுங்கள். பின்னால் அமர்பவர் இருந்தால் அவரிடம் கொடுங்கள்.

• வழி பார்க்க வேண்டுமானால் கிளம்பும் முன்பே மேப்பை அமைத்துவிடுங்கள்.

• அவசர அழைப்பு என்றால் ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டுப் பேசுங்கள்.

தவறிய அழைப்பைப் பத்து நிமிடம் கழித்துத் திருப்பிப் பேசிக்கொள்ளலாம். இன்றிரவு எல்லோரும் சாப்பிட உட்காரும்போது இதைப் பேசி முடிவெடுங்கள்: நம் வீட்டில் யாரும் ஓட்டும்போது போன் எடுப்பதில்லை, எடுக்கவில்லை என்று யாரும் கோபப்படுவதும் இல்லை.