மெஜாரிட்டியை எண்ணுவது யார்?

27 நாள் காத்திருக்க கவர்னர் மறுத்தார். அதனால் எழுந்த கேள்விக்குத் தெளிவான பதில் கிடைக்க 27 ஆண்டுகள் ஆயின.

கொல்கத்தாவில் கவர்னர் மாளிகை, சட்டமன்றம், உயர் நீதிமன்றம் மூன்றும் நடந்து போகிற தூரத்தில்தான் இருக்கின்றன. 1967 நவம்பரில் இந்த மூன்றும் ஒரே கேள்வியில் மோதிக்கொண்டன. முதல்வருக்கு மெஜாரிட்டி இருக்கிறதா என்று முடிவு செய்வது யார்?

அந்த ஆண்டுத் தேர்தலில் 280 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 127. எதிர்க்கட்சிகள் ஐக்கிய முன்னணியாகச் சேர்ந்து ஆட்சி அமைத்தன. பங்களா காங்கிரசின் அஜய் முகர்ஜி முதல்வர். ஜோதி பாசு துணை முதல்வர். எட்டு மாதத்தில் உணவு அமைச்சர் பி.சி. கோஷ் சில எம்.எல்.ஏ.க்களுடன் வெளியேறினார். சபையை உடனே கூட்டி பலத்தை நிரூபிக்கச் சொன்னார் கவர்னர் தர்ம வீரா. அமைச்சரவை குறித்த தேதியோ டிசம்பர் 18. இரண்டு கூட்டத் தொடர்களுக்கு இடையே ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி கூடாது என்பதே அரசியல் சட்டம் விதிக்கும் வரம்பு. ஆனாலும் கவர்னர் பொறுக்கவில்லை. நவம்பர் 21 அன்று அமைச்சரவையை 'டிஸ்மிஸ்' செய்து கோஷை முதல்வராக்கினார்.

நவம்பர் 29 அன்று சபை கூடியது. டிஸ்மிஸ், கோஷின் நியமனம், அவரது ஆலோசனைப்படி சபையைக் கூட்டியது எதுவுமே செல்லாது என்று தீர்ப்பளித்த சபாநாயகர் பிஜய் பானர்ஜி, தேதி குறிப்பிடாமல் சபையை ஒத்திவைத்தார். ஓட்டெடுப்பு நடக்கவேயில்லை.

உயர் நீதிமன்றம் கவர்னர் பக்கம் நின்றது. அமைச்சர்கள் 'கவர்னர் விரும்பும்வரை' பதவியில் இருப்பார்கள் என்கிறது 164ஆவது பிரிவு. ஆனால் அமைச்சரவை சட்டமன்றத்துக்குத்தான் பொறுப்பு என்று சொல்வதும் அதே பிரிவுதான். 1968 பிப்ரவரியில் ஜனாதிபதி ஆட்சி வந்தது. 1969 தேர்தலில் ஐக்கிய முன்னணி 214 இடங்களுடன் திரும்பியது. அந்த மார்ச்சில் சபையில் உரையாற்றிய தர்ம வீரா, தன் நடவடிக்கையைக் கண்டித்த பத்திகளைப் படிக்காமல் தாண்டிச் சென்றார். 2023 ஜனவரியில் கவர்னர் ஆர்.என். ரவி அரசு தயாரித்த உரையின் சில பகுதிகளைத் தவிர்த்ததைப் பார்த்த தமிழக வாசகர்களுக்கு இது புதிதல்ல.

1994இல் பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட பெஞ்ச் குழப்பத்தைத் தீர்த்தது: மெஜாரிட்டியைச் சோதிக்கும் இடம் சபைதான், கவர்னரின் சொந்தக் கணிப்பு அல்ல. 2016இல் அருணாசலப் பிரதேச வழக்கில் கவர்னர் தன்னிச்சையாகக் கூட்டத் தொடரை முன்கூட்டி வைத்தது செல்லாது என்றானது. அதே சமயம், மெஜாரிட்டியில் சந்தேகம் எழுந்தால் சபையில் நிரூபிக்கும்படி அவர் கேட்கலாம்.

இந்த அளவுகோலில் பார்த்தால் 1967இல் இரு தரப்புமே தவறின. அஜய் முகர்ஜி சபையை முன்பே கூட்டியிருந்தால் தோற்றிருக்கலாம். தர்ம வீரா பொறுத்திருந்தால், அது மக்கள் பிரதிநிதிகள் தந்த தோல்வியாக இருந்திருக்கும்.