முதுகெலும்புப் பிணைப்பு: பிறவியா, பிணியா?

முதுகெலும்பு ஒரே எலும்பன்று. கழுத்தில் 7, மார்பின் பின்புறம் 12, இடுப்பில் 5 என அசையும் எலும்புகள் 24 அடுக்கடுக்காய் அமைந்துள்ளன. அவற்றினிடையே மெத்தை போன்ற வட்டுகள் இருப்பதாலேயே நாம் குனிந்து நாற்று நடவும் நிமிர்ந்து நிற்கவும் இயலுகிறது. சிலருக்கு இவ்வெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிவிடுகின்றன. இது பிறவியில் அமைந்ததா, பிற்பாடு நோயால் நேர்ந்ததா என்று அறிதல் அவசியம். "பிறவிக் கூன்" என்று வீட்டார் கைவிட்ட குழந்தைக்கு, தீர்க்கக்கூடிய நோய் இருத்தல் கூடும்.

பிறவிப் பிணைப்பு: கருவுற்ற முதல் இரண்டு மாதங்களில் எலும்புகள் தனித்தனியே பிரியாமையால் இது உண்டாகிறது. கழுத்தில் நேரும் இக்குறையைக் கிளிப்பெல், பெய்ல் என்ற பிரெஞ்சு வைத்தியர்கள் 1912-இல் விவரித்தனர். குட்டைக் கழுத்து, பிடரியில் தாழ்ந்து வளரும் மயிர், கழுத்தைத் திருப்ப இயலாமை ஆகியவை அடையாளங்கள். மூன்றும் எல்லோரிடத்தும் காணப்படா. சிலருக்குச் சிறுநீரகத்திலும் செவியிலும் குறை சேர்ந்திருக்குமாதலால், அவற்றையும் சோதித்தல் நன்று. கிரகணமோ, பெற்றோர் செய்த பாவமோ இதற்குக் காரணமன்று.

நோயால் வரும் பிணைப்பு: காசநோய்க் கிருமி நுரையீரலோடு நில்லாமல் முதுகெலும்பையும் தாக்கும். வட்டு அழிந்து, அடுத்துள்ள எலும்புகள் நொறுங்கி, பின்னர் ஒட்டிக்கொள்ளும். நெடுநாள் முதுகுவலி, மாலைக் காய்ச்சல், உடல் மெலிவு, கால் தளர்ச்சி ஆகியவை எச்சரிக்கைகள். வாலிபத்தில் தோன்றும் ஒருவகை வாதத்திலோ, காலையில் முதுகு விறைத்து, நடமாடினால் சற்றுத் தளரும். நாளடைவில் முதுகெலும்பு மூங்கில் போலாகிவிடும்.

எக்ஸ்ரே படம் பெரும்பாலும் வேற்றுமையைக் காட்டிவிடும். பிறவிப் பிணைப்பில் எலும்புகளின் உயரம் ஏறக்குறையக் குறையாது. சேருமிடம் உடுக்கையின் இடைபோல் ஒடுங்கியிருக்கும். பின்புற வளைவுகளும் பலருக்கு இணைந்திருக்கும். காசநோயில் உயரம் குறைந்து, எலும்பு ஆப்புப் போல் சரிந்து, கூன் விழும். பின்புறம் பெரும்பாலும் தனித்தே நிற்கும்.

குடிநீரில் மிகுந்த புளோரைடு உப்பும் முதுகை இறுகச் செய்யும். அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் ஜில்லாவில் இக்கேடு இருப்பது 1937-இல் வெளியிடப்பட்டது. ஆகவே, லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளோரைடு உள்ள கிணற்று நீரைக் குடிக்கலாகாது.

பஞ்சாயத்து அங்கத்தினர்களே! பிறவிப் பிணைப்பை மருந்தால் பிரிக்க இயலாது; அத்தகையோருக்குப் பரிவும் கண்காணிப்புமே வேண்டும். காசநோய்க்கோ அரசு மருத்துவமனைகளில் மருந்து இலவசமாகவே கிடைக்கிறது. கால்கள் தளருமுன் நோயாளியை அங்கு சேர்ப்பிப்பீராக. குடிநீரையும் சோதிக்க ஏற்பாடு செய்வீராக.